ஒரே பின்னொட்டு, எதிரெதிர் அணிகள்

தென் கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் சாதிச் சங்கங்கள் வெளியிடும் நாட்காட்டிகளும் சுவரொட்டிகளும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. வரிசையாகச் சில முகங்கள். ஒவ்வொரு முகத்தின் கீழும் ஒரு பெயர். எல்லாப் பெயர்களின் முடிவிலும் ஒரே பின்னொட்டு. ஒன்றில் அனைவரும் ‘பிள்ளை’. மற்றொன்றில் அனைவரும் ‘நாடார்’. ‘நம் சமுதாயம் நாட்டுக்கு அளித்த மாமனிதர்கள்’ என்பதே அவற்றின் பொதுவான செய்தி. பார்ப்பதற்கு இது வெறும் பெருமிதம். ஆயினும் அதன் அடியில் ஓர் அரசியல் கோரிக்கை இருக்கிறது: இப்பெரியவர்கள் ஒரே உடைமை, அவ்வுடைமைக்கு வாரிசு சங்கத் தலைவர், ஆகவே பின்னொட்டைப் பகிர்ந்துகொள்ளும் ஒவ்வொருவரின் வாக்கும் அவர் கைக்குரியது.

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தின் எல்லை ஊர்களில், காரக்கோணம் போன்ற இடங்களில் பணிபுரியும் கட்சித் தோழர்கள் இக்கோரிக்கையை ஒவ்வொரு தேர்தலிலும் எதிர்கொள்கின்றனர். வேட்பாளரின் பெயரைக் கேட்டவுடன் அவர் என்ன செய்தவர் என்ற கேள்விக்கு முன்பே, அவர் யாருடைய ஆள் என்ற கேள்வி எழுகிறது. ‘நம் ஆள்’ என்ற இச்சொல்லை வரலாற்றைக் கொண்டே உடைக்க வேண்டும். அதற்கான சான்றுகள் வேறெங்கும் இல்லை. இதே தாலுகாவின் மண்ணில்தான் கிடக்கின்றன.

காரக்கோணத்தில் உள்ள மருத்துவக் கல்லூரி டாக்டர் சாமர்வெல்லின் நினைவைத் தாங்கியது. 1922, 1924 ஆண்டுகளின் எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்றவரும், நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் அறுவை மருத்துவராகப் பணியாற்றியவருமான ஆங்கிலேயர் அவர். சாமர்வெல் என்பது அவர் பிறந்த குடும்பத்தின் பெயர். அப்பெயரைக் கேட்டு, அவர் எந்தக் கிணற்றில் நீர் எடுக்கலாம், எந்தத் தெருவில் நடக்கலாம் என்று எவரும் தீர்மானித்ததில்லை. திருவிதாங்கூரில் பெயரின் பின்னொட்டு செய்துவந்த வேலையே அதுதான்.

‘பிள்ளை’ என்பது யார்?

பிள்ளை என்ற சொல் தமிழிலும் மலையாளத்திலும் குழந்தையைக் குறிக்கும். நிலவுடைமைச் சமூகம் அதைக் கணக்கெழுதும் அதிகாரத்தின் பட்டமாக்கியது. கணக்கப்பிள்ளை என்ற சொல் இன்றும் வழக்கில் உள்ளது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளரை வேலை வாங்கிய மேற்பார்வையாளனுக்கும் அதுவே பெயர். தமிழ் வேளாளர், மலையாள நாயர், நாகசுரம் வாசித்த இசை வேளாளர், கிறித்தவத்தைத் தழுவியோர் எனப் பல பிரிவினர் இப்பட்டத்தைச் சூடியுள்ளனர். தம்முள் பெண் கொடுத்துப் பெண் எடுக்காத, பல காலம் உடனிருந்து உண்ணவும் மறுத்த பிரிவினர் இவர்கள். ஆகவே ‘பிள்ளை சமுதாயம்’ என்று ஒன்று இருந்ததே இல்லை. இருந்தது ஒரு பட்டம் மட்டுமே.

நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோவில் வளாகத்தில் ‘அம்மச்சிப் பிலாவு’ என்னும் பழைய பலாமரம் காட்டப்படுகிறது. எட்டுவீட்டில் பிள்ளைமார் துரத்தியபோது மார்த்தாண்ட வர்மன் அதன் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினான் என்பது வழிவழிக் கதை. அப்பிள்ளைமார் நாட்டின் வருவாயையும் நிலத்தையும் கைப்பற்றி வைத்திருந்த பிரபுக்கள். அவர்களை அழித்தே 18ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் முடியரசு ஓங்கியது. அம்மன்னனின் பெயரால் 1891இல் வெளிவந்த மலையாள நாவலில் எட்டுவீட்டுப் பிள்ளைமார் சதிகாரர்களாக வருகின்றனர். அதை எழுதியவர் சி. வி. ராமன் பிள்ளை. பின்னொட்டு ஒன்றாயிருந்தும் அவர் அரசனின் பக்கத்தையே எடுத்தார். சாதிப் பெருமை பேசுவோர் தம் பட்டியலில் இவ்விரு தரப்பில் எவரைச் சேர்ப்பார்கள்?

இதே நெய்யாற்றின்கரையில் 1878இல் பிறந்தவர் ‘சுதேசாபிமானி’ ராமகிருஷ்ண பிள்ளை. வக்கம் அப்துல் காதர் மௌலவி நடத்திய ஏட்டின் ஆசிரியராக இருந்து திவானின் ஊழலையும் அரசனின் எதேச்சாதிகாரத்தையும் தோலுரித்தார். 1910 செப்டம்பர் 26 அன்று அச்சகம் முத்திரையிடப்பட்டது. அவர் நாடு கடத்தப்பட்டார். 1912இல் காரல் மார்க்சின் வாழ்க்கை வரலாற்றை மலையாளத்தில் எழுதி வெளியிட்டார். இடதுசாரிகள் அவரை மதிப்பதற்கு இவை போதும். ஆயினும் வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. புலையர் குழந்தைகளைப் பள்ளிகளில் பிற குழந்தைகளுடன் சேர்க்க அரசு முன்வந்தபோது, அது குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவதற்கு ஒப்பாகும் என்ற பொருள்பட எழுதியவரும் அவரே. மார்க்சைப் படித்த பேனாவுக்குள்ளும் பின்னொட்டின் மை ஊறியிருந்தது.

தூத்துக்குடியில் 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கிய வ. உ. சிதம்பரம் பிள்ளையைச் சாதிச் சங்கங்கள் தம் சொத்தாகக் கொண்டாடுகின்றன. 1908இல் கோரல் மில் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தில் அவர் தலைமையேற்று நின்றதை அப்பலகைகள் சொல்வதில்லை. ஆங்கிலேய அரசு அவரைச் சிறைக்கு அனுப்பியபோது திருநெல்வேலியும் தூத்துக்குடியும் கொந்தளித்தன. தெருவில் இறங்கியோர் எந்தப் பின்னொட்டைச் சேர்ந்தவர் என்று பார்த்து இறங்கவில்லை. வ.உ.சி.க்கு வாரிசு உண்டென்றால் அது ஆலைத் தொழிலாளி வர்க்கமே.

வால் உண்டா என்பதா, எந்தப் பக்கம் என்பதா?

1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் திருவிதாங்கூர்–கொச்சி அரசின் காவல்துறை தமிழர் மீது துப்பாக்கிச் சூடு நடத்தியது. தாய்மொழி பேசும் மாநிலத்துடன் இணைய வேண்டும் என்பதே சுடப்பட்டோரின் கோரிக்கை. அப்போது முதலமைச்சராக இருந்தவர் பிரஜா சோசலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணு பிள்ளை. பொறுப்பாட்சிக்காகத் திவான் சர் சி. பி. ராமசாமி அய்யரை எதிர்த்துச் சிறை சென்ற தலைவர் அவர். ஆட்சி கைக்கு வந்ததும் அதே துப்பாக்கியைத் திருப்பினார். அவரது கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியாவே அவ்வரசு பதவி விலக வேண்டும் என்றார். எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் பிள்ளைகள் இருந்தனர். பின்னொட்டு தோட்டாவைத் தடுக்கவில்லை.

வைக்கத்தில் 1906இல் பிறந்த பி. கிருஷ்ண பிள்ளை குருவாயூர் சத்தியாகிரகத்தில் கோவில் மணியை அடித்ததற்காக அடியும் உதையும் பட்டவர். கேரளத்தில் கம்யூனிஸ்ட் கட்சியைக் கட்டியவர்களில் முதல்வர். நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடிச் சிறையிலும் அடைக்கப்பட்டவர். 1948 ஆகஸ்ட் 19 அன்று தலைமறைவு வாழ்க்கையில், ஆலப்புழை அருகே ஓர் ஏழைத் தொழிலாளியின் குடிலில் பாம்பு தீண்டி இறந்தார். சாகும்வரை அவர் பெயரில் பிள்ளை இருந்தது. அவரது வாழ்க்கையில் அது இல்லை.

மன்னத்து பத்மநாபனின் கதை நேர்மாறானது. மன்னத்து பத்மநாப பிள்ளை என்ற பெயரிலிருந்து பின்னொட்டை அவர் நீக்கினார். வைக்கம் சத்தியாகிரகத்துக்கு ஆதரவாகச் சாதி இந்துக்களின் பயணத்துக்குத் தலைமை தாங்கினார். அதே வேளையில், 1914இல் உருவான நாயர் சர்வீஸ் சொசைட்டியின் தூணாகவும் அவர் விளங்கினார். 1957இல் ஈ. எம். எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் அமைந்த அரசு நிலச் சட்டத்தையும் கல்விச் சட்டத்தையும் கொண்டுவந்தபோது, அதற்கு எதிரான ‘விமோசன சமர’த்தின் தளபதியானார். 1959 ஜூலை 31 அன்று அவ்வரசு கலைக்கப்பட்டது. பெயரிலிருந்து சாதி போயிற்று; நிலத்திலிருந்து போகவில்லை. சாதிப் பெயரைச் சுமந்த நம்பூதிரிபாட் குடியானவனின் பக்கம் நின்றார். சாதிப் பெயரைத் துறந்த பத்மநாபன் நிலவுடைமையின் பக்கம் நின்றார்.

இங்கிருந்து ஒரு தவறான முடிவுக்குச் செல்லலாகாது. பின்னொட்டு எப்படி இருந்தால் என்ன, செயலே முக்கியம் என்று சொல்லி அதைக் காப்பாற்றிக்கொள்வோரும் உண்டு. நாஞ்சில் நாட்டின் பூதப்பாண்டியில் 1907இல் சொரிமுத்துவாகப் பிறந்த ஜீவானந்தம் அவர்களுக்கு விடை. வேளாளக் குடும்பத்தில் பிறந்தும் பிள்ளை என்ற பட்டத்தைத் தன் பெயரோடு அவர் ஏற்கவில்லை. தீண்டாமைக்கு எதிரான போராட்டக் களத்திலிருந்து பொதுவாழ்வுக்கு வந்தார். 1952இல் வடசென்னையின் உழைக்கும் மக்கள் அவரை வண்ணாரப்பேட்டையிலிருந்து சட்டமன்றத்துக்கு அனுப்பினர். ஆந்திரத்தின் சுந்தரய்யா ‘ரெட்டி’யை உதறினார். பெயரைத் துறப்பதும் பக்கத்தை மாற்றுவதும் ஒருசேர நிகழும்போதுதான் துறவு பொருள் பெறுகிறது.

பின்னொட்டே மறுக்கப்பட்டவர்கள்

பட்டியல் தயாரிப்போர் ஒருபோதும் எழுப்பாத கேள்வி ஒன்று உண்டு. பெருமைக்குரிய பின்னொட்டு யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை?

நெய்யாற்றின்கரை தாலுகாவின் வெங்ஙானூரில் 1863இல் பிறந்தவர் அய்யன்காளி. 1893இல் வில்வண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் சென்றார். புலையருக்கு அன்று அது குற்றம். ஊரூட்டம்பலம் பள்ளியில் பஞ்சமி என்ற சிறுமியைச் சேர்க்க அவர் முயன்றபோது ஆதிக்க சாதியினர் பள்ளிக்கே தீ வைத்தனர். குழந்தைகளுக்குக் கல்வி இல்லையேல் வயலில் வேலை இல்லை என்று விவசாயத் தொழிலாளரை வேலைநிறுத்தத்தில் இறக்கியவரும் அவரே. கேரளத்தில் கம்யூனிஸ்ட் கட்சி தோன்றுவதற்கு வெகு காலம் முன்பு நடந்த அப்போராட்டம் இத்தாலுகாவின் முதன்மையான வர்க்கப் போராட்டப் பாடம். அய்யன்காளி, பஞ்சமி என்ற இரு பெயர்களிலும் வால் இல்லை. அவர்கள் துறக்கவில்லை, வைத்துக்கொள்ள அவர்களுக்கு ஒன்றும் தரப்படவில்லை.

சாமித்தோப்பில் 1809இல் பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் முடிசூடும் பெருமாள் என்று பெயரிட்டனர். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த குழந்தை முடிசூடுவதா என்று ஆதிக்க சாதியினர் சீறவே, பெயர் முத்துக்குட்டி என்று மாற்றப்பட்டது. அக்குழந்தையே பின்னர் அய்யா வைகுண்டர் ஆயிற்று. மன்னரின் சிறையையும் கண்டது. ஒரு மனிதனின் பெயரைக் கூட ஆதிக்க சாதிகள் தீர்மானித்த நாட்டில், பெயரின் அடிப்படையில் பெருமை பேசுவது எவ்வளவு கசப்பான நகைச்சுவை!

அதே மக்களின் பெண்கள் தோளை மறைக்கும் உரிமைக்காக 1822 முதல் 1859 வரை அடியும் தீயும் பொறுத்துப் போராடினர். 1829இல் அரசு அவ்வுரிமையை மறுத்து ஆணையிட்டது. 1859 ஜூலை 26 அன்று வெளிவந்த ஆணை மேலாடையை அனுமதித்தும், உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தலாகாது என்ற நிபந்தனையை விதித்தது. சாணார் என்ற சொல்லை இழிசொல்லாக்கிய சமூகத்திடமிருந்து நாடார் என்ற பெயரைப் போராடிப் பெற்றனர். 1921இல்தான் சென்னை மாகாண அரசு அப்பெயரைப் பதிவேடுகளில் ஏற்றது.

எனவே இடதுசாரிகளை நோக்கி ஒரு நியாயமான கேள்வி எழும். மிதிக்கப்பட்ட மக்கள் தம் பெயரை நிமிர்ந்து சொல்வதில் என்ன பிழை? உயர்சாதிப் பட்டமும் இப்பெயரும் ஒன்றா? ஒன்றல்ல. இழிசொல்லுக்கு எதிராக நிமிர்ந்த பெயர் ஒரு காலத்தின் ஜனநாயக வெற்றி. அவ்வெற்றியை இன்று யார் கையில் வைத்திருக்கிறார்கள், எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதே கேள்வி.

போராட்டத்தைத் தின்ற பெருமை

ஒன்பதாம் வகுப்பு மத்தியப் பாடநூலில் தோள்சீலைப் போராட்டம் இடம்பெற்றிருந்தது. அதிலிருந்த விவரிப்பு சமுதாயத்தை இழிவுபடுத்துகிறது என்று 2012இல் கண்டனம் எழுந்தது. தமிழ்நாட்டின் பெரிய கட்சிகளின் தலைவர்களும் அதில் சேர்ந்துகொண்டனர். வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. பிழை இருந்தால் திருத்தக் கோருவது நியாயமே. ஆனால் முடிவு என்ன ஆயிற்று? 2016இல் மத்தியக் கல்வி வாரியம் அப்பகுதியைத் தேர்விலிருந்து நீக்கியது. 2019இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் கவுன்சில் அந்த அத்தியாயத்தையே அகற்றியது. பெண்களின் போராட்டம் நாட்டின் மாணவர் கண்ணிலிருந்து மறைந்தது. சாதிய ஒடுக்குமுறையின் வரலாற்றை அழிக்க விரும்பும் சங் பரிவாரத்துக்கு, பெருமிதத்தின் பெயரால் கதவு திறந்து கொடுக்கப்பட்டது. தாழ்வு இருந்ததென்று ஒப்புக்கொள்ள மறுக்கும் பெருமை, போராட்டத்தையும் சேர்த்தே மறுத்துவிடுகிறது.

அப்பெருமையின் பட்டியலில் உள்ளவர்களையும் பார்க்கலாம். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் தலைவர் நேசமணி நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீருமேடு உள்ளிட்ட தாலுகாக்களைக் கோரினார். அப்போது சென்னை மாநில முதலமைச்சர் காமராசர். இருவர் பெயரோடும் ஏடுகள் ஒரே பின்னொட்டைச் சேர்த்து எழுதின. 1956 நவம்பர் 1 அன்று நான்கு தாலுகாக்கள் குமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரையும் அதன் எல்லை ஊர்களும் கேரளத்தில் நின்றன. டெல்லியின் முடிவைக் காமராசர் ஏற்றார். எல்லையை வரைந்தது அரசியல். பின்னொட்டு அதில் ஒரு சங்கிலி நீளத்தைக்கூட மாற்றவில்லை. 1967இல் சொந்த ஊரான விருதுநகரிலேயே காமராசரை மக்கள் தோற்கடித்தனர். அரிசிக்கும் மொழிக்கும் பதில் கேட்ட மக்கள் பெயரைப் பார்த்து வாக்களிக்கவில்லை.

நேசமணியோடு ஒரே இயக்கத்தில் தோள் கொடுத்து நின்றவர் தாணுலிங்க நாடார். 1957இல் நாகர்கோவிலின் மக்களவை உறுப்பினர். பிற்காலத்தில் அவர் இந்து முன்னணியின் தலைவரானார். மொழிக்காகக் கிறித்தவரும் இந்துவும் ஒன்றாகக் குண்டடிபட்ட மாவட்டத்தில், 1982இல் மண்டைக்காட்டில் மதக் கலவரம் மூண்டது. வெட்டியவனுக்கும் வெட்டுப்பட்டவனுக்கும் ஒரே பின்னொட்டு இருந்த ஊர்களும் அம்மாவட்டத்தில் இல்லாமலில்லை. சாதிப் பெருமை மதவெறிக்கு அணைகட்டும் என்று நம்புவோருக்கு அந்த ஆண்டு போதிய பாடம்.

இறுதியாகப் பட்டியலின் உச்சியில் சிவ் நாடார். 1976இல் எச்.சி.எல். நிறுவனத்தைத் தொடங்கியவர், நாட்டின் முதல்நிலைச் செல்வந்தர்களில் ஒருவர். எல்லை ஊர்களில் விடியுமுன் தலைவிளக்குடன் ரப்பர் தோட்டத்துக்குள் நுழையும் பால்வெட்டுத் தொழிலாளிக்கும் அதே பின்னொட்டு இருக்கலாம். மழை பெய்தால் அன்று வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் கூலி இல்லை. ரப்பர் விலை சரிந்தால் தோட்டக்காரர் மரத்தை வெட்டாமல் விட்டுவிடுவார். பெயரின் பங்காளி அவருடைய பங்குச் சந்தையில் பங்காளி அல்ல. அத்தொழிலாளியோடு ஒரே வரப்பில் நிற்கும் தலித் தொழிலாளியும், கொத்தனாரும், வேலை உறுதித் திட்டத்தில் மண் சுமக்கும் பெண்ணுமே அவருக்கு உண்மையான உறவு.

தோழர்களின் கடமை

சாதியைக் கணக்கிடுவது வேறு, சாதியைக் கொண்டாடுவது வேறு. கேரளத்தின் பிற்பட்டோர் பட்டியலில் ‘இந்து நாடார்’, ‘எஸ்.ஐ.யு.சி. நாடார்’ என்று சபை பார்த்துத் தனித்தனிப் பிரிவுகள் உள்ளன. அவற்றுக்கு வெளியே நின்ற பிற கிறித்தவ நாடார்களையும் சேர்க்க 2021 பிப்ரவரியில் மாநில அரசு முடிவெடுத்தது; அது நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டது. சான்றிதழுக்காக அலையும் ஏழை மாணவரின் கோரிக்கை நியாயமானது. இடதுசாரிகள் அதனுடன் நிற்பர். சாதிவாரிக் கணக்கெடுப்புக் கோரிக்கையும் அவ்வாறே. ஒடுக்குமுறையை அளந்தறியவே அக்கணக்கு தேவை. சங்கத் தலைவர் தரகுபேசுவதற்கான கணக்கு அதுவன்று.

தமிழ்நாட்டின் அனுபவத்தையும் தோழர்கள் நினைவில் கொள்ள வேண்டும். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடத் தீர்மானித்தது. அதற்குத் தலைமை வகித்தவர் பட்டிவீரன்பட்டி சவுந்தரபாண்டியன். நாடார் என்ற பட்டத்தை அவரும் விட்டார். அம்மாநாட்டின் பயனாகப் பெயரிலிருந்து சாதி பெருமளவு நீங்கிய மாநிலம் அது. எனினும் ஆணவக் கொலைகள் நீங்கவில்லை. 2025 அக்டோபரில் தெருக்களின் சாதிப் பெயரை நீக்க அரசாணை வந்த அதே நாட்களில், கோவையின் புதிய மேம்பாலம் ஜி. டி. நாயுடுவின் பெயரோடு திறக்கப்பட்டது. பின்னொட்டை நீக்கினால் அவரை யாருக்கும் அடையாளம் தெரியாது என்ற விளக்கத்தில் ஓரளவு உண்மை உண்டு. அரசாணை பலகையை மாற்றும். நிலமும் கூலியும் மணவுறவும் மாறாதவரை சாதி வேறு பலகை தேடிக்கொள்ளும்.

கேரளத்தின் எல்லைத் தொகுதிகளில் இதைச் சொல்வது எளிதன்று. 2011இல் நெய்யாற்றின்கரையில் இடதுசாரி வேட்பாளராக வென்றவரே 2012இல் பதவி விலகி, சில மாதங்களில் காங்கிரஸ் வேட்பாளராக அதே தொகுதியில் வென்றார். அவ்விடைத்தேர்தலில் எந்தச் சாதிக்கு எத்தனை வாக்கு என்ற கணக்கே ஏடுகளை நிரப்பியது. ‘நம் ஆள்’ என்ற அடிப்படையில் திரட்டப்படும் வாக்கு, ஆள் மாறும்போது அவரோடு சேர்ந்து போய்விடும். அணியில் தங்குவது அரசியலால் வென்றெடுக்கப்பட்ட வாக்கு மட்டுமே.

ஆகவே சாதிச் சங்கப் பலகைக்கு எதிரே தோழர்கள் இன்னொரு பலகையை நாட்ட வேண்டும். அதில் ஊரூட்டம்பலத்தின் பஞ்சமி இருக்கட்டும். தோள்சீலைக்காக அடிபட்ட பெயர் தெரியாப் பெண்கள் இருக்கட்டும். 1954இல் மார்த்தாண்டத்தில் விழுந்தவர்கள் இருக்கட்டும். கோரல் மில் தொழிலாளரோடு வ.உ.சி.யும், கயிற்றுத் தொழிலாளரோடு கிருஷ்ண பிள்ளையும், வண்ணாரப்பேட்டை மக்களோடு ஜீவாவும் இருக்கட்டும். ஒவ்வொரு பெயருக்குக் கீழும் அவர் நின்ற பக்கம் எழுதப்படட்டும். கிளைக் கூட்டத்திலும் படிப்பு வட்டத்திலும், ரப்பர் தோட்டத்துக் குடியிருப்பிலும் அப்பலகை வாசிக்கப்படட்டும்.

ஒருவர் பெயரின் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்பது சாதியின் வழக்கம். அவருக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று கேட்பதே தொழிலாளி வர்க்கத்தின் வழக்கம்.